கடலூர்ப் பொட்டலமும் காணாமற்போன முகமும்

விளம்பரத்தில் இனப் பிரதிநிதித்துவம் என்னும் தொடர், ஒரு நாட்டில் வாழும் பல்வகை மக்களுள் எவருடைய முகம் விற்பனைப் பொருளுக்கு அருகில் பெருமையோடு நிறுத்தப்படுகிறது, எவருடைய முகம் கேலிக்கும் பரிதாபத்துக்கும் மட்டும் எடுத்தாளப்படுகிறது, எவருடைய முகம் அறவே தவிர்க்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒருங்கே குறிப்பது. அமெரிக்காவில் இக்கேள்விகள் வெள்ளையர், கறுப்பர் என்று சட்டமும் வழக்கமும் வகுத்துவைத்த பிரிவினையின்மீது எழுந்தன. தமிழ்நாட்டில் அப்படியொரு கோடு கிடையாது. ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே கறுப்பும் மாநிறமும் சிவப்பும் கலந்தே காணப்படும். ஆகவே இங்கு இனவாதம் என்பதைவிட, ஒரே மக்கட்கூட்டத்துக்குள் வெளிர்ந்த மேனிக்கு மதிப்பும் கறுத்த மேனிக்குக் குறையும் கற்பிக்கும் நிறவாதம் என்பதே பொருந்தும் சொல்லாகும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் வழக்குக்குக் கொண்டுவந்த இக்கருத்தாக்கம், கறுப்பினத்தாருக்குள்ளேயே நிலவிய நிற ஏற்றத்தாழ்வைச் சுட்டப் பிறந்தது என்றாலும், தமிழ்ச் சமூகத்துக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

இதை ஆராய்வதற்குக் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி தக்க களமாகும். வெள்ளாற்றங்கரையில், விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் கார்டு லைன் இருப்புப்பாதையில் அமைந்த பெண்ணாடம், சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பிறந்த ஊராகவும், யானையின் பின்புறத்தைப் போன்று வளைந்த விமானத்தையுடைய தூங்கானை மாடக் கோயிலின் ஊராகவும் சைவ உலகில் அறியப்படுவது. இன்று அது கரும்பும் நெல்லும் விளையும் வயல்கள் சூழ்ந்த ஒரு பேரூராட்சி; அருகிலுள்ள விருத்தாசலமோ களிமண்ணும் சூளையும் சார்ந்த பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். கரும்பு வெட்டுவோர், நடவு நடுவோர், சூளையில் வேலை செய்வோர் என வெயிலிலும் அனலிலும் உழைக்கும் மக்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் மேனியின் கருமை என்பது பிறவியால் வருவதோடு உழைப்பாலும் ஏறுவது. மும்பையிலும் சென்னையிலும் எடுக்கப்படும் விளம்பரங்கள் இம்மக்களை நோக்கியே பேசுகின்றன. ஆனால் அவ்விளம்பரங்களுக்குள் இவர்கள் இல்லை. கறுப்பை இழிவுபடுத்துவதைத் தடுக்க இந்தியாவில் விதிகள் வந்துவிட்டன. கறுப்பை இல்லாமல் ஆக்குவதை எந்த விதியும் இதுவரை தொடவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

வெண்மையைச் சரக்காக விற்கும் வழக்கம் காலனிய வணிகத்தோடு வந்தது. 1880களில் இங்கிலாந்தில் வெளியான பியர்ஸ் சோப்பு விளம்பரம் ஒன்றில், தொட்டியில் அமர்த்தப்பட்ட கறுப்பினச் சிறுவனை வெள்ளைச் சிறுவன் குளிப்பாட்டுவான்; அடுத்த படத்தில் கறுப்புச் சிறுவனின் உடல் முழுதும் வெளுத்து, முகம் மட்டும் கறுப்பாக எஞ்சியிருக்கும். அழுக்கையும் நிறத்தையும் ஒன்றெனக் காட்டிய அந்தப் படத்தில் ஆளும் நாட்டின் அரசியல் முழுவதும் அடங்கியிருந்தது. லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கியது. அந்நிறுவனத்தின் வழித்தோன்றலே பிற்காலத்து இந்துஸ்தான் லீவர். இந்தியர்களும் இவ்வணிகத்துக்கு அந்நியராக நின்றுவிடவில்லை. 1919இல் பாட்டன்வாலா என்னும் இந்தியத் தொழில்முனைவர் அறிமுகப்படுத்திய ஆப்கன் ஸ்னோ என்ற முகப்பூச்சு, பெயரிலேயே பனியின் வெண்மையைத் தாங்கி நாடெங்கும் விற்றது.

காலனியத்துக்கு முந்தைய தமிழ் அழகுணர்வு வேறாக இருந்ததற்குச் சான்று உண்டு. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகாகப் பேசப்படுவது மாமை. மாந்தளிரையொத்த நிறம் என்று அதை உரையாசிரியர்கள் விளக்குவர். தலைவனைப் பிரிந்த துயரத்தால் அம்மேனி வெளிறிப்போவதைப் பசலை என்றனர். அதாவது, மேனி வெளுப்பது அழகு கெட்டதன் அடையாளமாகவும் நோயின் அறிகுறியாகவும் கருதப்பட்டது. இதைக்கொண்டு பழந்தமிழர் நிறபேதமே அறியாதவர் என்று முடிவுகட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பிற்கால இலக்கியங்கள் பொன்னிற மேனியைப் போற்றத் தயங்கவில்லை, வெயிலில் உழைப்பவருக்கும் நிழலில் இருப்பவருக்கும் இடையிலான சாதிப் பிரிவினை நிறத்தின்மீதும் ஏற்றப்பட்டே வந்திருக்கிறது. ஆனாலும் கருமை அழகாக முடியும் என்பது இம்மொழிக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய செய்தியன்று என்பதை மட்டும் அப்பாடல்கள் உறுதியாகச் சொல்கின்றன.

வடக்கே சிவந்தவர், தெற்கே கறுத்தவர் என்ற எளிய இனக் கணக்கும் அறிவியலின் முன் நிற்பதில்லை. ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் பங்கேற்று 2013இல் வெளியிட்ட ஆய்வு, மேனி நிறத்தைப் பாதிக்கும் எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவின் வெளிர்நிற வடிவம் தெற்காசியாவில் பரவலாக இருப்பதையும், அதன் பரவல் இடத்துக்கு இடம், மொழிக்கு மொழி, குழுவுக்குக் குழு வேறுபடுவதையும் காட்டியது. நிறம் என்பது பல நூற்றாண்டுக் கலப்பின் விளைவு. அதில் எந்தக் கூட்டத்துக்கும் தனியுரிமை இல்லை.

தமிழ்நாட்டையும் அதன் அண்டை மாநிலங்களையும் நவீன நிற வணிகத்தோடு நேரடியாகப் பிணைக்கும் ஆண்டு 1975. மெலனின் எனப்படும் தோலின் நிறமி மேற்பரப்புக்கு வருவதைக் குறைக்கும் நியாசினமைடு என்ற வைட்டமின் வகைச் சேர்மத்தை மூலப்பொருளாகக் கொண்டு, 1971இல் காப்புரிமை பெறப்பட்ட ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகப்பூச்சை, இந்துஸ்தான் லீவர் நிறுவனம் முதலில் தென்னிந்தியாவில்தான் சோதனை முறையில் விற்றுப் பார்த்தது. 1978க்குள் அது இந்தியா முழுவதும் கிடைத்தது. சோதனைக் களமாகத் தெற்கு தேர்ந்தெடுக்கப்பட்டதன் உட்பொருள் வெளிப்படையானது: கறுத்த மேனியினர் மிகுதியாக வாழும் பகுதியில், தம் நிறத்தைக் குறையென்று கருதுவோர் எத்தனை பேர் என்பதைச் சந்தை அளந்துபார்த்தது. பின்னாளில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலுமாகப் பல பத்து நாடுகளுக்கு அப்பொருள் பரவியபோதும் இந்தியாவே அதன் மிகப் பெரிய சந்தையாக இருந்தது.

அப்பொருள் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் குளியலறையிலிருந்து பெண்ணாடம் போன்ற ஊர்களின் பெட்டிக்கடைக்கு எப்படி இறங்கியது என்பதற்கான விடை கடலூரிலேயே இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், புட்டியில் அடைத்து விற்கப்பட்ட ஷாம்பு ஏழைகளுக்கு எட்டாததைக் கண்டு, ஒருமுறை தலைக்குளியலுக்குப் போதுமான அளவைச் சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறையை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தார் வெல்வெட் ஷாம்புவை நடத்திவர, மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினையாயிரம் ரூபாய் முதலீட்டில் தனியே பிரிந்து, தந்தையின் பெயரெழுத்துகளைத் தாங்கிய சிக் ஷாம்புவைத் தொடங்கினார். காலிப் பொட்டலங்களைக் கடையில் கொடுத்துப் புதியது பெறும் திட்டமும், பின்னர் வந்த ஐம்பது காசுப் பொட்டலமும், அதுவரை சீயக்காயும் கட்டிச் சோப்பும் கொண்டு தலைகுளித்த ஊர்களை ஷாம்புவின் சந்தையாக மாற்றின. பன்னாட்டு நிறுவனங்கள் இம்முறையைப் பின்பற்றி வந்தன. இந்தியக் கிராமப்புறச் சந்தையின் வரலாற்றில் கடலூர் மாவட்டத்துக்கு இதனால் அழியாத இடம் உண்டு. கூலித் தொழிலாளியின் மடியில் இருந்த சில்லறைக்கும் மதிப்பு உண்டு என்று ஏற்ற வணிக அறிவு அது.

அந்த அறிவுக்கு ஒரு நிழலும் இருந்தது. கவின்கேர் எனப் பெயர் மாறிய ரங்கநாதனின் நிறுவனம் 1998இல் ஃபேரெவர் என்ற சிவப்பழகு கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்து, குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று அதை விளம்பரப்படுத்தியது. இந்தத் தேர்வு தற்செயலானதன்று. கருவுற்ற பெண் குங்குமப்பூ கலந்த பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை தமிழ் வீடுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணுவே தவிரத் தாய் குடிக்கும் பால் அன்று என்று மருத்துவர்கள் எத்தனை முறை சொன்னாலும், வளைகாப்புக்குக் குங்குமப்பூச் சிமிழோடு வரும் உறவினர் குறைந்தபாடில்லை. ஆங்கிலத்தில் பேசிய பன்னாட்டுப் பூச்சு வேதியியலை நம்பி விற்றபோது, உள்ளூர்ப் பூச்சு பாட்டியின் கைப்பக்குவத்தை நம்பி விற்றது. நிறத்தைப் பற்றிய கவலை கருவறையிலேயே தொடங்கிவிடும் ஒரு சமூகத்தில் இரண்டுமே விலைபோயின.

பொட்டலத்தின் விளைவை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் வலிமை விளங்கும். பெண்ணாடத்தைப் போன்ற ஊர்களின் மளிகைக் கடை முகப்பில் ஷாம்பு, பாக்கு, காப்பித்தூள், ஊறுகாய்ப் பொட்டலங்கள் சரம்சரமாகத் தொங்குகின்றன. அவற்றிடையே கிரீம் பொட்டலச் சரமும் தொங்குகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு பெண் முகம் அச்சிடப்பட்டிருக்கும். சரத்தில் பன்னிரண்டு பொட்டலம் இருந்தால் பன்னிரண்டு முறை அதே முகம். பல ஆண்டுகள் அந்த முகத்தின் பக்கத்திலேயே, கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் படிப்படியாக மாறும் முக வரிசையும் நிற அளவுகோலும் இடம்பெற்றிருந்தன. தொலைக்காட்சி இல்லாத வீட்டிலும், செய்தித்தாள் வாராத தெருவிலும், கடைக்குப் போய் உப்பு வாங்கும் சிறுமியின் கண்மட்டத்துக்கு நேராக அந்த அளவுகோல் தொங்கியது. அதில் தன் நிறம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை அவள் எழுதப் படிக்கத் தெரியாமலே கற்றுக்கொள்ள முடிந்தது. விலையைக் குறைத்த கண்டுபிடிப்பு, அளவுகோலையும் வீடுதோறும் சேர்த்தது.

தொலைக்காட்சி விளம்பரங்கள் இதற்குக் கதை வடிவம் கொடுத்தன. 2001ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஒளிபரப்பான ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் ஒன்றில், வருமானம் குன்றிய வீட்டில் காப்பிக்குப் பால் வாங்கவும் வழியில்லாத நிலையில், தனக்கொரு மகன் இருந்திருக்கலாமே என்று தந்தை ஏங்குவார். அதைக் கேட்டுப் புண்பட்ட மகள் கிரீம் பூசி நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகி, பெற்றோரை உயர்தர உணவகத்துக்கு அழைத்துச்சென்று காப்பி வாங்கித் தருவாள். பெண் என்பது ஒரு குறை, கறுப்பு என்பது மற்றொரு குறை, இரண்டாவது நீங்கினால் முதலாவது மன்னிக்கப்படும் என்பதே இக்கதையின் உட்கிடை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இவ்விளம்பரங்களை எதிர்த்து நிறுவனத்திடமும் தேசிய மனித உரிமை ஆணையத்திடமும் முறையிட்டது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டபின் 2003இல் நிறுவனம் இரு விளம்பரங்களை நிறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் பெண் கல்விக்கென ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலேயே ஓர் அறக்கட்டளையையும் தொடங்கியது.

நின்றுபோனது அந்த விளம்பரங்களே; கதையின் எலும்புக்கூடு நிற்கவில்லை. நிறம் மாறினால் வேலை என்ற பரிசு தொடர்ந்தது. 2003 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின்போது வந்த விளம்பரத்தில், முன்னாள் அணித் தலைவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்துக்கு அருகே வர்ணனையாளராக அமரும் பெண்ணின் கனவு கிரீமால் கைகூடியது. அப்பெண்ணாக நடித்த ஜெனிலியா அதே ஆண்டில் பாய்ஸ் படத்தின் வழியே தமிழ்த் திரைக்கு நாயகியானார். மும்பையில் வளர்ந்த விளம்பர முகம் தமிழ்த் திரையின் நாயகி முகமாவதும், நாயகி முகம் மீண்டும் நகைக்கும் பட்டுக்கும் விளம்பர முகமாவதும் ஒரே சக்கரத்தின் சுழற்சி. தமிழ்நாட்டுப் பெண் அதற்குள் நுழையும் வாயில் மிகக் குறுகலானது. கோத்தகிரியில் பிறந்த நடிகை சாய் பல்லவி 2019இல் ஒரு சிவப்பழகு கிரீம் விளம்பரத்தைப் பெருந்தொகை கிடைக்கவிருந்தும் மறுத்தது நாடெங்கும் செய்தியானதே, அத்தகைய மறுப்பு எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று.

சட்டத்தின் பக்கம் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல் விதிகள், 1994இல் உள்ள விளம்பர நெறி, இனம், சாதி, நிறம், சமயம், தேசியம் ஆகியவற்றை எள்ளிநகையாடும் விளம்பரங்களைத் தடைசெய்கிறது. விளம்பரத் துறையினரே 1985இல் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றம், 2014 ஆகஸ்டில் நிறப்பூச்சு விளம்பரங்களுக்கெனத் தனி நெறிமுறைகளை வெளியிட்டது. கறுத்த மேனியினரை அழகற்றவராகவோ, மகிழ்ச்சியற்றவராகவோ, திருமணத்திலும் வேலையிலும் உயர்விலும் பின்தங்கியவராகவோ காட்டக்கூடாது; குறிப்பிட்ட சாதி, சமூகம், தொழிலோடு நிறத்தைப் பிணைக்கக்கூடாது என்பன அவற்றின் சாரம். இதற்குப் பின்னால் சென்னையின் பங்கு பெரிது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு, கவிதா இம்மானுவேலின் தலைமையில் 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம், 2013இல் நடிகை நந்திதா தாஸ் இணைந்தபின் நாடறிந்ததாகி, ஆண்களுக்கான சிவப்பழகு கிரீமுக்கு ஷாருக் கான் தோன்றிய விளம்பரத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கானோரின் கையொப்பங்களைத் திரட்டியது. 2014 நெறிமுறைகளுக்கு அந்த அழுத்தம் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

ஆண்களின் நிலை பெண்களின் நிலையிலிருந்து வேறுபடுவதை விருத்தாசலம் தொகுதியின் அரசியல் வரலாறே காட்டித்தரும். திரையில் ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’ என்று விரும்பி அழைக்கப்பட்ட விஜயகாந்த், 2005இல் தேசிய முற்போக்கு திராவிடக் கழகத்தைத் தொடங்கி, 2006 சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக நின்று வென்ற தொகுதி விருத்தாசலம். அவருடைய நிறம் அவருக்குத் தடையாக இல்லை என்பது மட்டுமன்று. வெயிலில் உழைக்கும் மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கண்டதற்கு அந்நிறமே துணைநின்றது. ரஜினிகாந்துக்கும் இதுவே பொருந்தும். ஆனால் கறுத்த நாயகனுக்கு அருகில் கறுத்த நாயகி நிற்பதைத் தமிழ்த் திரை பெரும்பாலும் ஏற்கவில்லை. 2007இல் வெளிவந்த ரஜினிகாந்தின் சிவாஜி படத்தில், நாயகன் வெளுக்க முயல்வது நகைச்சுவைக் காட்சிகளாயிற்று. ஒரு பாடலில் கணினி வரைகலையின் துணையோடு அவர் வெள்ளைக்காரனின் மேனி நிறத்தில் தோன்றினார். மேனியில் கரிபூசிய இரு பெண்கள் அங்கவை, சங்கவை என்ற பெயர்களோடு கேலிப்பொருளாக நிறுத்தப்பட்டனர். சங்ககால வள்ளல் பாரியின் மகளிருடைய பெயர்களைத் தாங்கிய இருவர் நிறத்துக்காக நகையாடப்பட்டதைத் திரையரங்குகள் கைதட்டி ஏற்றன என்பது வருத்தத்தோடு பதிவுசெய்ய வேண்டிய செய்தி. ஆணின் கருமை உழைப்பையும் வீரத்தையும் குறிக்க, பெண்ணின் கருமை நகைப்பை மட்டுமே குறித்தது.

நிறப்பூச்சு விளம்பரங்களை மட்டும் கண்காணித்தால் போதும் என்ற எண்ணம் தவறாவது இங்கேதான். தமிழ்நாட்டில் விளம்பரத்துக்கு மிகுதியாகச் செலவிடும் துறைகளுள் நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் முன்நிற்பவை. அவ்விளம்பரங்கள் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை, எவரையும் இழிவுபடுத்துவதில்லை. ஆனால் முகூர்த்தப் பட்டு உடுத்தி, ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியும் அணிந்து மணமேடையில் அமரும் அந்த மணப்பெண் பெரும்பாலும் மும்பையிலிருந்தோ வடமாநிலங்களிலிருந்தோ வரவழைக்கப்பட்ட வெளிர்மேனியினர். அவருடைய தமிழுக்கு வேறொருவர் குரல் கொடுப்பார். கறுத்த தமிழ் முகம் விளம்பரத்தில் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. விதை, உரம், பூச்சிக்கொல்லி விளம்பரங்களில் உழவராக, சலவைத்தூள் விளம்பரத்தில் வீட்டுவேலை செய்பவராக, கடன் திட்ட விளம்பரத்தில் உதவி பெறுபவராக, அரசு நலத்திட்டப் படங்களில் பயனாளியாக அது வருகிறது. வாங்கும் முகம் ஒன்று, பெற்றுக்கொள்ளும் முகம் மற்றொன்று என்ற இந்தப் பிரிவினையே இங்குள்ள இனப் பிரதிநிதித்துவத்தின் உண்மையான வடிவம். பெண்ணாடத்திலிருந்து திருமணப் பட்டெடுக்க விருத்தாசலத்துக்கோ கும்பகோணத்துக்கோ செல்லும் குடும்பம், தன் சேமிப்பு முழுவதையும் செலவிடும் கடையின் சுவரில் தன் மகளைப் போன்ற ஒரு முகத்தைக் காண்பது அரிது.

வழக்கத்துக்கு மாறானவர் தோன்றும்போது எழும் எதிர்வினையும் கவனிக்கத்தக்கது. 2017இல் சென்னை சரவணா ஸ்டோர்ஸ் குழுமத்தின் சரவணன், ஹன்சிகா, தமன்னா ஆகிய நடிகையரோடு தம் கடை விளம்பரங்களில் தாமே தோன்றினார். ஒரு வணிகர் தம் கடைக்குத் தாமே முகமாவதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அவருடைய தோற்றத்தைக் குறிவைத்துச் சமூக ஊடகங்களில் மாதக்கணக்கில் மீம்கள் குவிந்தன. அக்கேலியில் ஈடுபட்டவர்களுள் பலர் அவரைப் போன்ற தோற்றமுடைய தமிழர்களே என்பது, விளம்பரம் கற்பித்த பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

தொழில்நுட்பமும் இதில் நடுநிலையாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் வண்ணப் படச்சுருளின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அவற்றை ‘ஷெர்லி அட்டை’ என்று வழங்கினர். அம்முகத்துக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட சுருளில் கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் இருளாகப் பதிந்தன. இக்குறையை ஆராய்ந்த கனடிய ஊடக ஆய்வாளர் லோர்னா ராத், சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் தம் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பின்பே சுருள் திருத்தப்பட்டதை எடுத்துக்காட்டியுள்ளார். கறுத்த மனிதர்களின் மனக்குறையால் நகராத தொழில்நுட்பம், மரமேசையின் பொருட்டு நகர்ந்தது.

அச்சுருள்களின் காலம் முடிந்தபின் அந்த வேலையைச் சிற்றூர் ஸ்டுடியோக்களின் கணினி ஏற்றுக்கொண்டது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ காதணி விழாவுக்கோ கடைத்தெருவில் கட்டப்படும் பிளெக்ஸ் பேனரைச் சற்று நெருங்கிப் பார்த்தால், நடுவில் நிற்கும் சிறுமியின் முகம் ரோஜாவின் வெளிர்மையில் ஒளிவிடுவதும், மாலையைப் பிடித்திருக்கும் கைகளும் காதோரமும் அவளுடைய சொந்த நிறத்திலேயே நிற்பதும் தெரியும். வடிவமைப்பாளர் முகத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து வெளிச்சத்தை ஏற்றியிருப்பார். பெரும்பாலான வேளைகளில் அதைக் கேட்டுச் செய்துகொண்டவர்கள் பெற்றோரே. உடலை வெளுத்து முகத்தைக் கறுப்பாக விட்ட பியர்ஸ் விளம்பரத்தின் தலைகீழ் வடிவம் இது. அன்று வெள்ளையர் கறுப்பினச் சிறுவனுக்குச் செய்ததை, இன்று அன்பின் பெயரால் குடும்பத்தார் தம் மகளுக்குச் செய்கின்றனர். அவள் வாழ்வில் அவளுடைய படம் பொதுவெளியில் வைக்கப்படும் முதல் நாளில், அது அவளுடைய நிறத்தில் இல்லை.

தமிழர் சிறுபான்மையராக வாழும் நாடுகளில் இதே நிறம் நேரடியான இன அடையாளமாகிறது. 2019 ஜூலையில் சிங்கப்பூரில் மின்பணப் பரிமாற்றத்துக்காக வெளியான விளம்பரம் ஒன்றில், சீன நடிகர் டென்னிஸ் சியூ நான்கு வேடங்களில் தோன்றினார். அவற்றுள் ஒன்று, மேனியைக் கறுப்பாக்கிக்கொண்டு கே. முத்துசாமி என்ற பெயரட்டை அணிந்த இந்தியரின் வேடம். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று தமிழ். அங்கே உண்மையான முத்துசாமிகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் ஒரு தமிழரை அமர்த்துவதைவிட ஒரு சீனருக்கு நிறம் பூசுவது எளிதாகத் தோன்றியிருக்கிறது. எதிர்ப்பு எழுந்தபின் விளம்பரம் விலக்கப்பட்டு மன்னிப்பும் கேட்கப்பட்டது. அதைக் கண்டித்துக் கடுஞ்சொற்களோடு பாடல் காணொளி வெளியிட்ட இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள் இருவரும் காவல்துறையின் எச்சரிக்கைக்கு ஆளாயினர். அமெரிக்காவிலோ, 2016இல் டெக்சஸ் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவி ஒருவர் தம் தமிழ்த் தோழியரான சகோதரியர் இருவரைப் படமெடுத்து ‘அன்ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற தலைப்பில் வெளியிட, உலகெங்குமுள்ள கறுத்த பெண்கள் தம் படங்களை அதே தலைப்பில் பகிர்ந்தனர்.

மாற்றம் எங்கிருந்து வரும் என்பதற்கு அமெரிக்க வணிக வரலாறு ஒரு குறிப்பைத் தருகிறது. 1947இல் பெப்சி நிறுவனம் எட்வர்ட் பாய்டு என்ற கறுப்பினத்தவரின் தலைமையில் தனி விற்பனைக் குழுவை அமைத்து, கறுப்பினக் குடும்பங்களைக் கண்ணியமான நடுத்தர வர்க்கத்தினராகக் காட்டும் விளம்பரங்களை வெளியிட்டது. அதுவரை சமையற்காரியாகவும் ஏவலாளாகவும் மட்டுமே காட்டப்பட்ட மக்கள், பொருள் வாங்கும் வாடிக்கையாளராக முதன்முறையாக மதிக்கப்பட்டனர்; விற்பனையும் பெருகியது. பொட்டலத்தை உருவாக்கிய கடலூர் வணிகம் ஏழையின் காசை மதிக்கத் தெரிந்திருந்தது. அவ்வேழையின் முகத்தையும் மதிக்கும் அடுத்த அடியை அது எடுத்துவைத்திருந்தால், இந்திய விளம்பர வரலாறு வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த உலகளாவிய கொந்தளிப்பில், 2020 ஜூனில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் நிறப்பூச்சுகள் சிலவற்றை விலக்கிக்கொள்வதாகக் கூறியது, ஷாதி.காம் வரன் தேடும் பக்கத்திலிருந்து மேனி நிற வடிகட்டியை நீக்கியது; இந்துஸ்தான் லீவரின் இன்றைய வடிவமான இந்துஸ்தான் யூனிலீவர், ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லைக் கைவிட்டு, ஜூலையில் க்ளோ அண்ட் லவ்லி என்ற புதிய பெயரை அறிவித்தது. முக வரிசையும் நிற அளவுகோலும் அதற்கு முந்தைய ஆண்டே பொட்டலத்திலிருந்து நீங்கியிருந்தன. இவை சிறிய வெற்றிகள் அல்ல. கடைக்கு உப்பு வாங்கச் செல்லும் சிறுமியின் கண்முன்னிருந்து அந்த அளவுகோல் அகன்றது பெரும் நன்மை. எனினும் சரத்தில் தொங்கும் முகத்தின் நிறம் மாறவில்லை. சிவப்பழகு என்ற சொல் போன இடத்தில் பொலிவு, ஒளி, பளபளப்பு என்ற சொற்கள் வந்தமர்ந்தன. பெயர் தெரியாத நிறுவனங்களின் நிறப்பூச்சுகளோ எந்த நெறிக்கும் கட்டுப்படாமல் இணையத்தில் விற்கின்றன. பாதரசம் கலந்த அத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்து மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்து எச்சரித்தனர்.

2024 டிசம்பரில் தில்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஆண்களுக்கான ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கிரீம் தொடர்பாக 2013இல் தொடுக்கப்பட்ட வழக்கில் இமாமி நிறுவனத்துக்குப் பதினான்கரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரம் தவறாக வழிநடத்தியது என்பது அவ்வழக்கின் அடிப்படை. அதாவது, சிவப்பாக்குவோம் என்ற வாக்குறுதி இருந்ததால்தான் அதை எதிர்த்து வழக்காட முடிந்தது. வாக்குறுதியே தராமல், கறுத்த பெண்ணை மணமேடையிலிருந்து விலக்கிமட்டும் வைக்கும் நகை விளம்பரத்தின்மீது முறையிட இந்தியச் சட்டத்தில் வழியில்லை. தனியார் வணிகரின் தேர்வில் அரசு தலையிடுவது எளிதன்று, எல்லா வேளையிலும் விரும்பத்தக்கதும் அன்று. ஆனால் தமிழ்நாட்டில் அரசே ஒரு பெரிய விளம்பரதாரர். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பட்டும் பருத்தியும் விற்கிறது. ஆவின் பால் விற்கிறது. செய்தி மக்கள் தொடர்புத் துறை நாள்தோறும் நாளிதழ்களுக்கு விளம்பரம் தருகிறது. இவற்றின் விளம்பரங்களில் மணப்பெண்ணாகவும் மருத்துவராகவும் வீட்டு எசமானியாகவும் தோன்றுவோரை இம்மாநிலத்து மக்களிலிருந்தே, அவர்களுடைய நிறத்தைத் திருத்தாமல், தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். அதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. தீபாவளித் தள்ளுபடிக்கு அடுத்து அச்சாகும் கோ-ஆப்டெக்ஸ் சுவரொட்டியிலேயே அதைத் தொடங்கலாம்.